பூண்டு உரித்த வருஷம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை ஐந்தாறு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் அக்கா மகளைப் பற்றிக் கேட்க வேண்டும். இப்போது பதினைந்து வயது. போன வருடம் மார்ச்சில் அவள் அப்பாவோடு பைக்கில் வரும்போது செம்பட்டி தாண்டி லாரி மோதியது. மச்சான் அங்கேயே போய்விட்டார். இவளுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வீட்டில் இருந்தால் சரிப்படாது என்று ஜூனில் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தோம். எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறேன். 'மனசுல இருக்கிறதைச் சொல்லும்மா' என்றால் 'ம்' என்கிறாள், இல்லாவிட்டால் போனை வார்டனிடம் கொடுத்துவிடுகிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், தோட்டத்தில் கேரட்டுக்குத் தண்ணீர் விடுகிறாள் என்கிறார் வார்டன். பொங்கல் லீவுக்குக் கூட்டி வரும்போது பயம் தெளியட்டும் என்று அந்த இடத்தில் காரை நிறுத்தி இறங்கச் சொன்னோம். இறங்கவில்லை. லீவு முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. படிப்பும் கெட்டுவிட்டது. கொடைக்கானல் குளிர் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஆகாது என்கிறார்கள். பாட்டி தாயத்து கட்டியிருக்கிறார். பிள்ளையைத் தள்ளிவிட்டுவிட்டோமே என்று அக்கா தினமும் அழுகிறாள். திரும்பக் கூட்டி வந்துவிடலாமா? எப்போது பழைய மாதிரி ஆவாள்?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

போன மாதம் கொடைக்கானலில் நான்கு நாள் இருந்தேன். பாம்பார்புரம் பக்கம் ஒரு சீகைத் தோட்டத்துக்குள், வாட்டில் என்பார்களே அந்த மரம், நண்பர் ஒருவர் கூட்டிப் போனார். தோல் பதனிட உதவும் என்று நட்ட மரங்கள். மொத்தமாக வெட்டி எரித்தால், மண்ணுக்குள் பல வருடமாகக் கிடக்கிற சீகை விதைதான் அந்தச் சூட்டில் ஓடு வெடித்து முதலில் முளைக்குமாம். விட்டுவைத்த இடங்களில் சீகை நிழலிலேயே, அந்த மலைக்கே உரிய சோலைக்காட்டு மரக் கன்றுகள் தானாக வந்திருந்தன. முழங்கால் உயரம்தான், மிக மெதுவாக வளர்கிறவை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பூம்பாறை அக்காவின் ஞாபகம் வந்தது. வீடு திரும்பினால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன். அந்த அக்கா யார் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். காரை அங்கே நிறுத்தலாம் என்று யார் சொன்னது? நீச்சல் வரட்டும் என்று பிள்ளையைக் கிணற்றில் தூக்கிப் போடுகிற அதே புத்திதான் இது. ஏழு மாதம் மலையில் இருந்து கொஞ்சம் மூச்சு விடப் பழகியவள், மாமா வந்திருக்கிறார் என்று நம்பிக் காரில் ஏறியிருக்கிறாள். அவளைக் கொண்டுபோய் அப்பா செத்த இடத்தில் இறங்கு என்று சொல்லியிருக்கிறீர்கள். பயந்த இடத்துக்குத் திரும்பிப் போகிற சிகிச்சை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அது பயிற்சி பெற்றவர் கூட இருக்க, பிள்ளை சரி என்று சொன்ன பிறகு, எந்த நிமிடமும் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம் என்ற உறுதியோடு, சின்னச் சின்ன அடியாக நடப்பது. நீங்கள் செய்தது அது இல்லை. அவள் காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள் பாருங்கள், அந்தக் காரில் இருந்தவர்களில் புத்தியோடு நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

குளிருக்கு ஸ்வெட்டர் போதும். பத்தாம் வகுப்பை அடுத்த வருடம்கூட எழுதலாம். தாயத்து இருக்கட்டும், பாட்டியின் கை அவள் மேல் பட்டிருக்கிறதே, அவிழ்க்க வேண்டாம்.

இனி அந்த 'மனசுல இருக்கிறதைச் சொல்லும்மா'.

1982 ஜூனில் நானும் அதே மலைக்குப் போனேன். எனக்குப் பதின்மூன்று வயது. அந்த ஏப்ரலில் எங்கள் வீட்டில் பம்ப் ஸ்டவ் வெடித்து அம்மா இறந்துபோனார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இவ்வளவு எழுதுகிறேன், இதை எழுதியதில்லை, எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. அதனால் நான் குணமாகவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் என்னைத் தனியாகக் கூட்டிப் போய், 'நீ பார்த்தியாடி? என்ன சொல்லிக் கத்தினா?' என்று கேட்டார்கள். ஒருவர் இருவர் இல்லை. அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியாமல் போனது. இன்னொரு பக்கம் சித்தப்பாக்கள் அம்மாவின் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டு, பிள்ளை முன்னால் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றார்கள். ஒரே வீட்டில் இரண்டும் நடந்தது. பேசு என்று பிடுங்கவும் செய்தார்கள், பேசாதே என்று வாயைப் பொத்தவும் செய்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநிலைக்கு அமெரிக்க மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயர் வந்ததே 1980ல்தான். எங்கள் ஊரில் யாருக்கு அது தெரியும்? பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் 2020களில் இருக்கிறீர்கள், கையில் போன் இருக்கிறது, தேடிப் படிக்கத் தெரிகிறது, அதனால் உங்களைக் குறை சொல்வேன்.

கேளுங்கள் தம்பி. 1990களில் பல நாடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. விபத்தோ பேரிடரோ நடந்த சில நாளுக்குள் தப்பியவர்களை உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைப்பார்கள். உள்ளே வைத்திருந்தால் புரையோடிவிடும், கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். பிறகு அந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அது பிற்காலப் பாதிப்பைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருந்தது. 2011ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேட்டில், யாரையும் அவர்கள் கதையைச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் மூன்று கட்டங்களைச் சொன்னார். முதலில் பாதுகாப்பு. அடுத்துதான் நினைத்துப் பார்ப்பதும் துக்கப்படுவதும். அப்புறம் மறுபடி மனிதர்களோடு சேர்வது. நம் வீடுகளில் எடுத்தவுடன் இரண்டாவதில் இறங்கிவிடுகிறோம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை போனில், வார்டன் பக்கத்தில் நிற்க, பின்னால் நான்கு பிள்ளைகள் போனுக்காக வரிசையில் காத்திருக்க.

அவள் சொல்ல வேண்டும் என்பது யாருடைய தேவை? உங்களுடையது. அவள் அழுதுவிட்டால் உங்களுக்கு பாரம் இறங்கும், அக்காவிடம் போய் 'அழுதுட்டா, இனி சரியாயிடும்' என்று சொல்லலாம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மச்சானை இழந்த உங்களுக்கும் தூக்கமில்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதற்காக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய் நிற்காதீர்கள்.

நான் போன அந்த வருடம் மலையில் குறிஞ்சி பூத்தது. பள்ளியே கிளம்பிப் போய்ப் பார்த்தது, நானும் போயிருக்கிறேன், வரிசையில் நின்ற போட்டோ இருக்கிறது. எனக்கு ஒரு பூகூட நினைவில் இல்லை. நினைவில் இருப்பது பூண்டுத் தோல்தான்.

விடுதியில் விடியற்காலை சமையலறைக்குப் பின்னால் அண்டாவில் வெந்நீர் போடுவார்கள், வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் நின்றிருந்தபோது விறகின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மற்ற புலன்களைப் போல மூக்கு சுற்றி வளைத்துச் செய்தி அனுப்புவதில்லை, வாசனை ஏறக்குறைய நேராக மூளையில் பயமும் ஞாபகமும் இருக்கிற இடத்துக்கே போய்விடுகிறது என்று பின்னால் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கால் நிற்கவில்லை என்பதுதான். அதன் பிறகு அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சமையலறையில் இருந்தவர் பூம்பாறைக்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, பிள்ளைகள் எல்லோருக்கும் பூம்பாறை அக்கா. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, 'இங்க வா, இந்தப் பூண்டை உரி' என்றார். அவ்வளவுதான். பின்திண்ணையில் ஒரு முறம். மலைப்பூண்டு, காரமும் மணமும் அதிகம், உரித்தால் விரலில் இரவு வரை நிற்கும். (2019ல் அதற்குப் புவிசார் குறியீடு வந்தபோது நான் அழுதேன், வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை.) மறுநாளும் உரித்தேன். மழைக்காலம் முழுக்க, பனி முழுக்க. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் பூண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒரு நாள் திடீரென்று எல்லாம் நடந்து முடிந்துவிட்ட வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்குத்தான் தெரியும். அந்த அக்கா என்னிடம் ஊர் பற்றிக் கேட்டதில்லை, அம்மா பற்றிக் கேட்டதில்லை. உருளைக்கிழங்கு விலை, காட்டுமாடு வேலியை உடைத்தது, மருமகள் சண்டை, இதுதான் பேச்சு. பேசக் கூடாது என்றும் இல்லை. இந்த வித்தியாசத்தைத்தான் எனக்கு இவ்வளவு நேரமாகச் சொல்லத் தெரியவில்லை. படத்தை பீரோவுக்குள் வைத்தார்களே, அந்த மௌனம் வேறு, முறத்துக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்த மௌனம் வேறு.

ஒன்பதாம் வகுப்பில், ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, நானாக ஒரு நாள் சொன்னேன்: 'எங்கம்மா குழம்புக்குப் பூண்டை நசுக்கித்தான் போடுவாங்க.' 'அப்படியா' என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழம்பில் பூண்டு நசுக்கிப் போட்டிருந்தது. நூற்றைம்பது பிள்ளைகள் சாப்பிட்ட குழம்பு.

உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அவர் பிள்ளையைத் தள்ளிவிடவில்லை. ஊட்டி பக்கம் லவ்டேலில் இருக்கிற லாரன்ஸ் பள்ளியை இன்று பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்பார்கள், 1858ல் அது தொடங்கியது வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக, தாய் தகப்பனை இழந்தவர்களுக்காக. மலைக்குப் போனால் மட்டும் பிள்ளை தேறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கொடுமையான விடுதிகளும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு நல்ல மனுஷி இருக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேரட்டுக்குத் தண்ணீர் விடுகிறாள் என்று கவனித்துச் சொன்ன வார்டன் அப்படிப்பட்டவர் என்றே எனக்குப் படுகிறது. அவரிடம் ஒன்று கேட்டுவையுங்கள்: இரவில் அலறி எழுகிறாளா, சாப்பாட்டை நிறுத்துகிறாளா, தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாளா, சாவைப் பற்றிப் பேசுகிறாளா. இதில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. எதுவும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளோடு இதைப் பேசப் பயின்ற ஒருவர் கிடைத்தால் நல்லதுதான், அவள் சம்மதித்தால். அக்கா தினமும் அழுகிறார் என்றீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், அவர் பேசத் தயாராக இருக்கிறார்.

பழைய மாதிரி ஆகமாட்டாள், தம்பி. அதை எதிர்பார்க்காதீர்கள். நானும் ஆகவில்லை. ஆனால் சிரித்தேன், சண்டை போட்டேன், கல்யாணம் செய்துகொண்டேன், 1994ல் குறிஞ்சி மறுபடி பூத்தபோது போய் நின்று கண்ணால் பார்த்தேன். அப்படியே பூம்பாறைக்கும் போனேன். அக்கா வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். காபி போட அடுப்பு பற்ற வைத்தபோது காய்ந்த யூகலிப்டஸ் இலையை அள்ளிப் போட்டு ஊதினார், கண்ணெல்லாம் புகை. மண்ணெண்ணெய் இல்லையா அக்கா என்று கேட்டேன். 'உனக்கு ஆகாதுன்னு அப்போ விட்டது. அப்படியே பழகிப்போச்சு' என்றார். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடியதற்குப் பிறகு, நான் அங்கே இருந்த வரை, அந்தச் சமையலறையில் விறகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றவே இல்லை, இலையாலும் சீகைப் பட்டையாலும்தான் பற்ற வைத்திருக்கிறார், எனக்குப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் அது தெரிந்தது.

கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அவளிடம் கேளுங்கள், அவள் சொல்வதைச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் வீட்டு நாய் குட்டி போட்டதை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொல்லுங்கள், 'ம்' என்றால் போதும். மே மாதம் லீவுக்கு அவளை அழைத்து வரும்போது பெருமாள்மலையில் வத்தலக்குண்டு, செம்பட்டி பக்கம் திரும்ப வேண்டாம், பழனி வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் வந்து வீட்டுக்குப் போங்கள். கொஞ்சம் சுற்றுதான். ஏன் இந்தப் பக்கம் என்று அவள் கேட்டால், பழனியில் பஞ்சாமிர்தம் வாங்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். வாங்கியும் விடுங்கள்.

அன்புடன்,
அக்கா