பிட்ஸ் நிற்காத பிள்ளைக்குக் கீட்டோ பவுடரா?

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. மூன்று மருந்து கொடுத்தும் பிட்ஸ் நிற்கவில்லை. கீட்டோஜெனிக் உணவு கொடுத்தால் மருந்தையே நிறுத்திவிடலாம் என்று தெரிந்த ஒருவர் பவுடர் விற்கிறார். ஒரு டப்பா வாங்கிவிட்டேன். தொடங்கலாமா? - ஒரு தாய், மயூர் விஹார், தில்லி

தொடங்காதீர்கள் அம்மா. மருந்தை ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பிட்ஸ் ஓயாமல் வரலாம்.

கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் இந்தக் கீட்டோஜெனிக் உணவு முறை பொய்யில்லை. 1921 முதல் இருக்கிறது. கடுமையான வகையில் நாலு கிராம் கொழுப்புக்கு, மாவுச்சத்தும் புரதமும் சேர்த்தே ஒரு கிராம்தான். சமையலறையில் தராசு வேண்டும். இட்லி கிடையாது. பாட்டி ஆசையாக ஊட்டும் ஒரு வாய் பாயசம் போதும், எல்லாம் கெட்டுவிடும். மருந்து சிரப்பில் இருக்கும் சர்க்கரைகூடக் கணக்கில் வரும். பல பிள்ளைகளுக்குப் பிட்ஸ் வெகுவாகக் குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம்.

ஆனால் ஒன்று. சில பிள்ளைகளின் உடலுக்குப் பிறவியிலேயே கொழுப்பை எரிக்கத் தெரியாது. அவர்களுக்கு இந்த உணவு உயிருக்கே ஆபத்து. உங்கள் மகனுக்கு அப்படி இருக்குமோ என்று அறியச் சில கேள்விகள்: நீங்கள் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவரா? மூத்த பிள்ளை கைக்குழந்தையிலேயே காரணம் தெரியாமல் இறந்ததுண்டா? காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தபோது இவன் துவண்டு மயங்கினானா? கேட்டால்தான் சொல்வீர்கள். பவுடர்காரர் கேட்டாரா? எதற்குமே 'ஆமாம்' இல்லையென்றாலும் ரத்தப் பரிசோதனை முடியாமல் தொடங்கக் கூடாது.

இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அறுவை சிகிச்சைக்கு இடமுண்டா என்றும் பார்க்க வேண்டும். மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பும் வலிப்புக்கு அதைவிட நல்ல வழி இல்லை. தில்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டில், அறுவை சிகிச்சை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பே இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம். இருந்தும் எத்தனையோ மருத்துவர்கள் நாலாவது, ஐந்தாவது மருந்து என்று எழுதிக்கொண்டே போகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மூளையின் மின்னலைகளையும் பிட்ஸையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. பரிசோதனைக்குத் தேதி கிடைப்பதற்குள் பிள்ளை ஒரு வகுப்பு ஏறிவிடுகிறான். அந்த இடைவெளியில்தான் 'ஸ்டெம் செல் பேக்கேஜ்' என்று குருத்தணு சிகிச்சை விற்கும் தரகர்கள் புகுந்துகொள்கிறார்கள். பொட்டலம் மடித்துத் தரும் 'மூலிகை' பொடியும் வேண்டாம். அதில் பினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையை அரைத்துக் கலப்பதுண்டு. பொடி இருக்கும்வரை பிட்ஸ் அடங்கும், தீர்ந்ததும் இரட்டிப்பாக வரும்.



குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, பிட்ஸ் வரும்போது செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள். லேபிளில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது மாவுச்சத்துதான்.