திரையைக் கண்ட ஜெர்மன் எழுத்தாளர்கள்

கேள்வி: எங்கள் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் வந்ததும் தெருக்கூத்துக்குக் கூட்டம் குறைந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஜெர்மன் எழுத்தாளர்களும் சினிமாவைக் கண்டு அஞ்சினார்களா? – வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பதில்: அஞ்சியவர்கள் உண்டு, ஆனால், அந்த அச்சத்தைவிட அவர்களுடைய ஆர்வமே இலக்கியத்துக்குப் பெரிதும் பயன்பட்டது. மாக்ஸ் பிராட், எல்சே லாஸ்கர்-ஷூலர் போன்றோரிடம் திரைக்கான கதைகளைப் பெற்றுக் குர்ட் பிந்தூஸ் ஒரு தொகுப்பையே கொண்டுவந்தார்.

தாமஸ் மான் 1924இல் வெளியிட்ட 'மாய மலை' நாவலில், படம் முடிந்து விளக்கெரியும்போது, கைதட்டிப் பாராட்ட எதிரே நடிகர் எவரும் இல்லாததால் பார்வையாளர்கள் செய்வதறியாது அமர்ந்திருக்கிறார்கள். அதே நாவலின் நாயகன், தான் விரும்பும் பெண்ணின் எக்ஸ்ரே படத்தை நினைவுப் பொருளாகப் பாதுகாக்கிறான். புதிய படக்கருவிகள் மனித உறவுக்குள் நுழைந்த விதத்தை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன பக்கங்கள் அரிது என்பது என் கருத்து.

எழுத்து முறையையே மாற்றத் துணிந்தவர் ஆல்ஃபிரட் டோப்ளின். பெர்லினில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், கதாசிரியர் பாத்திரங்களின் மனத்தை விளக்கிக்கொண்டிராமல் காட்சிகளை நெருக்கமாக அடுக்கும் 'சினிமா நடை' வேண்டும் என்று 1913இலேயே கோரினார். அவரது 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' (1929) நாவலில் விளம்பர வாசகங்கள், டிராம் நிறுத்தங்கள், செய்தித் துணுக்குகள், பாட்டு வரிகள் ஆகியவை, சிறையிலிருந்து வெளிவந்த ஒருவனின் கதையை வெட்டியும் ஒட்டியும் செல்கின்றன. 1931இல் அது படமானபோது, திரைக்கதை எழுதியவர்களில் டோப்ளினும் ஒருவர்.