ஏற்காட்டு வீட்டிலிருந்து அஞ்சல் போகவில்லையே?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். அஞ்சலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டும் டவ்காட் ஆகிய இரண்டு மென்பொருள்களையும் கொண்டு சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கிறோம். கடையிலிருந்து அஞ்சல் போகிறது. ஏற்காட்டு வீட்டிலிருந்து அனுப்பினால் ‘ரிலே அனுமதி இல்லை’ (வெளி முகவரிகளுக்கு அஞ்சலைக் கடத்த அனுமதி இல்லை) என்று திரும்பிவிடுகிறது. வீட்டு இணைப்பின் ஐபி முகவரியை நம்பகமானவற்றின் பட்டியலில் சேர்த்துவிடச் சொல்கிறார் நண்பர். சேர்க்கலாமா?
— ஒரு வியாபாரி, சேலம்

பதில்: வேண்டாம். வீட்டு இணைப்பின் முகவரி மாறக்கூடியது. இன்று உங்களுடையது நாளை முன்பின் அறியாத ஒருவருடையதாகிவிடும். மொபைல் இணைப்பிலோ ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால், அதைச் சேர்த்த கணமே அத்தனை பேருக்கும் உங்கள் சர்வர் வழியாக அஞ்சல் அனுப்பும் உரிமை கிடைத்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் கணினியில் ஸ்பாம் அனுப்பும் வைரஸ் இருந்தாலும், கறுப்புப் பட்டியலில் ஏறுவது உங்கள் கடைதான். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, ஆளை அடையாளம் கண்டு அனுமதிப்பதே முறை.

கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் வேலையை போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட்டிடம் ஒப்படைத்துவிடலாம். இரண்டும் பேசிக்கொள்ள ஒரு சாக்கெட் கோப்பு, அதாவது இரு மென்பொருள்களை இணைக்கும் கோப்பு, வேண்டும். பலரும் தடுமாறுவது இங்கேதான். பல நிறுவல்களில் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல்களை வரிசையில் வைக்கும் தன் ஸ்பூல் அடைவுக்கு வெளியே எதையும் பார்க்க முடியாதபடி இயங்குவதால், சாக்கெட்டும் அதற்குள் ‘பிரைவேட்’ என்னும் உள் அடைவில் இருக்க வேண்டும்; உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி எண் 0660 (உரிமையாளரும் அவர் குழுவும் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்). வேறிடத்தில் வைத்தால், கோப்பு உங்கள் கண்முன் இருக்கும்போதே ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று லாக் சாதிக்கும்.

‘பிளெயின்’ என்னும் எளிய லாகின் முறையில் கடவுச்சொல், தரவை வேறு எழுத்துகளில் மாற்றி எழுதும் பேஸ்64 வடிவில் செல்கிறது. இதைப் பூட்டு என்று எண்ணிவிடாதீர்கள்: ‘சேலம்’ என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகள், சமக்குறியில் முடியும் எட்டுக் குறிகளாக மாறும், எவரும் ஒரே கட்டளையில் திருப்பிவிடலாம். ஆகவே இணைப்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கும் டிஎல்எஸ் தொடங்கும் முன் லாகினை ஏற்கவே கூடாது என்று போஸ்ட்ஃபிக்ஸில் அமைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாத கிராம்-எம்டி5 முறை மேல் என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். அதற்காகச் சர்வரில் கடவுச்சொல்லை வழக்கமான வலுவான ஹாஷ் (திருப்பிப் பெற முடியாத) வடிவில் வைக்க முடியாமல் போகிறது.

அஞ்சல் அனுப்புவதற்கு 587 அல்லது 465-ஆம் போர்ட்டை (சர்வரின் இணைப்பு வாயில் எண்) பயன்படுத்துங்கள். 2018-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8314, தொடக்கத்திலேயே டிஎல்எஸ் இயங்கும் 465-ஐ விரும்புகிறது. 25-ஆம் போர்ட்டைப் பிற சர்வர்களுக்கு விட்டு, அதில் லாகினை நிறுத்திவிடுங்கள்.

முடித்ததும் 587-இல் இணைந்து, சர்வரின் வசதிகளைக் கேட்கும் ‘ஈஎச்எல்ஓ’ கட்டளையைக் கொடுங்கள். பதிலில் டிஎல்எஸ் தொடங்கலாம் என்னும் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ வரி இருக்க வேண்டும், லாகின் செய்யலாம் என்னும் ‘ஆத்’ வரி இருக்கக் கூடாது. டிஎல்எஸ் தொடங்கிய பின் மறுபடி கேட்டால்தான் அது வர வேண்டும். முதல் முறையே தென்பட்டால், திருத்தும்வரை ஏற்காட்டிலிருந்து லாகின் செய்யாதீர்கள்.