வெளி மைதானத்தில் ஓடும் வீரர்களைப் படமெடுத்தால் கலங்கலாக வருவது ஏன்?

பெரும்பாலும் ஷட்டர் வேகம் (கேமரா எவ்வளவு குறுகிய நேரம் ஒளியை உள்ளே விடுகிறது என்பது) போதாததுதான் காரணம். ஓடுபவரை அசைவில்லாமல் பிடிக்க 1/1000 நொடியாவது வேண்டும். 1/250-இல் முகம் தெளிவாக இருந்தாலும் பந்தை உதைக்கும் கால் கலங்கிவிடும். ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பளவு) நீங்களே வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். மேகம் மறைத்தால் கேமராவே சரிக்கட்டிக்கொள்ளும். நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது) கொஞ்சம் வந்தால் பரவாயில்லை, பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஃபோகஸ், நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும் (கேனானில் செர்வோ, நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி).

இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது நிற்கும் இடத்தைத்தான். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். முட்டி போட்டு எடுங்கள்; வீரர் உயர்ந்து தெரிவார், பின்னணியும் எட்டப்போய் மங்கிவிடும். பந்தையே துரத்தாமல், அடுத்து அது யாரிடம் போகும் என்று கவனியுங்கள். கோல் விழுந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள், நல்ல முகங்கள் அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.