ஆண்ட்ரோமெடாவில் ஒரு பச்சைப் புள்ளி: கோள்வடிவ நெபுலாவா, இணைவாழ் இரட்டையா?

ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில், அயனியான ஆக்சிஜனின் பச்சை ஒளியை மட்டும் விடும் 5007 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) வடிப்பானில் மட்டும் தெரியும் புள்ளியைக் கோள்வடிவ நெபுலா (முதிர்ந்த விண்மீன் உதறிய ஒளிரும் வாயு உறை) என்று பட்டியலில் சேர்க்கலாமா?

நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) எடுக்காமல் சேர்க்காதீர்கள். ஓர் ஒளியாண்டு அகலமுள்ள நெபுலாகூட 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் 0.08 விநாடிக்கோணம்தான் (ஒரு விநாடிக்கோணம் பாகையில் 3600-இல் ஒரு பங்கு). செம்பெருமீனின் காற்றை வெண்குறுமீன் சுட்டு ஒளிரவைக்கும் இணைவாழ் இரட்டையும் அதே புள்ளியாகத்தான் விழும்.

நிறமாலையில் முதலில் எந்தக் கோட்டைப் பார்ப்பது?

ஆக்சிஜனின் 4363 ஆங்ஸ்ட்ராம் கோட்டை. சாதாரண நெபுலாவில் அது 5007-இன் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். இணைவாழ் இரட்டையின் வாயு மிக அடர்த்தி. கன சென்டிமீட்டருக்கு 7 லட்சம் எலக்ட்ரான்களைத் தாண்டினால் மோதல்கள் 5007-ஐ அமுக்கிவிடும். 4363 ஏறக்குறைய 3 கோடி வரை தாங்கும். அதனால் இரு கோடுகளின் வலுவும் ஒன்றையொன்று நெருங்கும்.

ஒரு பொறி உண்டு. ஆண்ட்ரோமெடா நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதால் 4363 கோடு 4359-க்கு நகர்ந்து, தெருவிளக்குப் பாதரசக் கோடான 4358-இன் மேலேயே உட்காரும். வான்பின்னணியைச் சரியாகக் கழிக்காவிட்டால் இல்லாத இரட்டையைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

6825-இல் கோடு தெரிகிறது. போதுமா?

அகலமாக இருந்தால் மிக வலுவான சான்று. ஐந்து எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் 1032 ஒளி, நடுநிலை ஹைட்ரஜனில் ராமன் சிதறலுக்கு (ஒளி அலைநீளம் மாறிச் சிதறுவது) உள்ளாகி அங்கே வருகிறது, வருகையில் 6.6 மடங்கு அகலமும் ஆகிறது. குறுகிய, மெல்லிய கோடானால் 6827-இன் கிரிப்டானாக இருக்கலாம். அது சாதாரண நெபுலாவிலும் வரும். அலைநீளத்தை ஒப்பிடுமுன் மண்டலத்தின் வேகத்தைத் திருத்துங்கள். கோடு இல்லை என்பதால் மட்டும் தள்ளிவிடாதீர்கள். இணைவாழ் இரட்டைகளில் ஏறக்குறைய பாதிக்கு இது தெரிவதில்லை.

டைட்டானியம் ஆக்சைடு பட்டைகள் தெரிந்தால் செம்பெருமீன் உறுதிதானே?

இல்லை. நிறமாலைமானிக்கு ஒளியைக் கொண்டுசெல்லும் 1.5 விநாடிக்கோண ஒளியிழை அங்கே 18 ஒளியாண்டை அள்ளுகிறது. பின்னணிச் செம்பெருமீன்களும் அதில் அடங்கும். அருகே பல இடங்களில் பின்னணி எடுத்துக் கழித்த பிறகும் பட்டை நின்றால் நம்பலாம்.

உண்மையான கோள்வடிவ நெபுலாவுக்குள் இணைவாழ் இரட்டை இருக்க முடியுமா?

முடியும், ஆனால் அரிது. வெண்குறுமீன் உதறிய உறை சில பத்தாயிரம் ஆண்டுகளில் கரைந்துபோகும். அதற்குள் துணைவிண்மீனும் பெருமீனாகியிருக்க வேண்டும். நம் மண்டலத்தின் 'தெற்கு நண்டு' என்ற நெபுலா நெடுங்காலம் கோள்வடிவ நெபுலாவாகவே பட்டியலில் இருந்தது. உள்ளே இருப்பது மீரா வகைப் பெருமீனும் (துடித்து ஒளி மாறும் செம்பெருமீன்) வெண்குறுமீனும்.

இதுவரை வேறு மண்டலங்களில் எத்தனை இணைவாழ் இரட்டைகள்?

மிகோவாயெவ்ஸ்கா, கால்டுவெல், ஷாரா ஆகிய வானியலாளர் மூவரும் 2014-இல் ஆண்ட்ரோமெடாவில் 35 அறிவித்தார்கள். எம்33 விண்மீன் மண்டலத்தில் 12, 2017-இல். மகெல்லன் மேகங்களிலும் டிராகோ குறுமண்டலத்திலும் சில உண்டு.