சர்க்கரைத் தண்ணீர் ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 58. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடு, மெட்பார்மின் மாத்திரைகளோடு இரண்டு மாதமாக வோக்ளிபோஸும் சேர்த்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரே வாயு, வயிறு உப்புசம். இணையத்தில் தேடினால், ‘ஹைட்ரோலேஸ்’ என்சைம் குறைபாடாக இருக்கலாம், கணையப் புற்றுநோயாகக்கூட இருக்கலாம் என்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டயஸ்டேஸ் சிரப் குடிக்கிறேன். உப்புசத்துக்குப் பயந்து காலை டிபனை ஒரு டம்ளர் கஞ்சியாகக் குறைத்துவிட்டேன். எடை குறையவில்லை, மலம் இயல்பாகத்தான் போகிறது. சில நாள் பதினொரு மணிவாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. சர்க்கரைத் தண்ணீர் குடித்தாலும் அடங்க அரை மணி நேரம் ஆகிறது. என் கணையம் பழுதாகிவிட்டதா?

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தப் பதினொரு மணி நடுக்கம்தான் எனக்குக் கவலை. அதற்கு வருகிறேன். முதலில் கணையத்தை முடித்துவிடுவோம்.

கணையம் சுரக்கும், கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற என்சைம் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் கொழுப்பு செரிக்காமல் வெளியே வரும். அப்போது மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும், நாற்றம் தாங்காது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, ஆளும் இளைப்பார். உங்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. இப்படி ஏதாவது வந்தால் காட்டுங்கள், இப்போதைக்குப் புற்றுநோயை விடுங்கள்.

‘ஹைட்ரோலேஸ் குறைபாடு’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு நோய் கிடையாது. தண்ணீர் மூலக்கூறு ஒன்றைச் சேர்த்து ஒரு பிணைப்பை அறுக்கிற என்சைம்கள் எல்லாவற்றுக்கும் அது குடும்பப் பெயர். எச்சிலில் இருக்கும் அமைலேஸ், வயிற்றில் பெப்சின், பாலுக்கு லாக்டேஸ், சலவைத்தூளில் கறை எடுக்கப் போடும் புரோட்டியேஸ் எல்லாமே அந்தக் குடும்பம்தான். எதில் குறை என்று கேட்டால் இணையத்திடம் பதில் இருக்காது.

உங்கள் வயிற்றில் நடப்பது வேறு. சிறுகுடல் சுவரில் மால்டேஸ், சுக்ரேஸ் என்று சில ஹைட்ரோலேஸ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உருவத்திலும் ஒரு பள்ளம் உண்டு. சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் வரும் மால்டோஸ் அதில் வந்து உட்கார்ந்ததும் இரண்டு குளுக்கோஸாக அறுபடும். வோக்ளிபோஸ் வடிவத்தில் சர்க்கரைக்கு உறவுக்காரன் மாதிரி இருப்பதால், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாவுச்சத்து மெதுவாகச் செரிக்கும், சாப்பிட்ட பிறகு சர்க்கரை எகிறாது. செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியா அதை நொதிக்கவைத்து வாயுவாக்கும். உங்களுக்கு என்சைம் குறையவில்லை. டாக்டர் வேண்டுமென்றேதான் தடுத்துவைத்திருக்கிறார். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இது தணியும். வோக்ளிபோஸைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுங்கள், இனிப்பைக் குறையுங்கள். மெட்பார்மினும் உப்புசம் தரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்படி ஒரு மருந்து மாவுச்சத்தின் செரிமானத்தைத் தடுக்கிறது. நீங்களோ அதே மாவுச்சத்தைச் செரிக்கவைக்க என்சைமை வாங்கி ஊற்றிக்கொள்கிறீர்கள்! டயஸ்டேஸ், ஜப்பானியர் அரிசியைப் புளிக்கவைக்கப் பயன்படுத்தும் ‘கோஜி’ பூஞ்சையிலிருந்து எடுப்பது. டகாமினே என்ற ஜப்பானியர் 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பழைய சரக்கு. வோக்ளிபோஸும் ஜப்பானில் பிறந்ததுதான். இரண்டையும் ஒரே வயிற்றில் மோதவிடாதீர்கள். மருந்தின் பலன் குறையக்கூடும் என்பதால் சேர்த்துச் சாப்பிட வேண்டாம் என்றுதான் நாங்கள் சொல்வோம். சிரப்பை இன்றே நிறுத்துங்கள்.

இப்போது அந்தப் பதினொரு மணிக்கு வருவோம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் சேர்ந்தால் அது ‘லோ சுகர்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வோக்ளிபோஸ் மட்டும் தனியாக இதைச் செய்வதில்லை. கிளிமிபிரைடு செய்யும். நீங்கள் டிபன் சாப்பிட்டீர்களா, கஞ்சி குடித்தீர்களா என்று அது பார்க்காது, இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். உப்புசத்துக்காகச் சாப்பாட்டைக் குறைத்தீர்கள், மாத்திரையைக் குறைக்கவில்லை. விளைவுதான் அந்த நடுக்கம்.

நாம் கரைத்துக் குடிக்கும் சர்க்கரை சுக்ரோஸ். குளுக்கோஸும் பிரக்டோஸும் பிணைந்தது. அதை அறுக்க வேண்டிய சுக்ரேஸின் இடத்தில்தான் வோக்ளிபோஸ் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறதே! அதனால்தான் அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பிஸ்கட், சாக்லேட், இனிப்பு டீ எல்லாவற்றுக்கும் இதே கதி. உங்களுக்கு வேண்டியது குளுக்கோஸ் பவுடர். அறுக்க ஒன்றும் இல்லாததால் நேரே ரத்தத்துக்குப் போகும். சுமார் 15 கிராம், அதாவது குவித்து எடுத்த மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. அடங்கியதும் உடனே சாப்பிடுங்கள், ஏனென்றால் கிளிமிபிரைடின் வேகம் சில மணி நேரம் இருக்கும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். பவுடர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சுவை சேர்த்த சிலவற்றில் சாதாரணச் சர்க்கரையும் கலந்திருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும். 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவர் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். நடுக்கம் வந்த நாள்களில் மீட்டர் என்ன காட்டியது என்று எழுதிக்கொண்டு போங்கள், கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையும் கேளுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கிளிமிபிரைடின் வேகம் அதிக நேரம் நீடிக்கலாம். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ வேண்டாம். காலையில் ஒழுங்காக டிபன் சாப்பிடுங்கள். மிச்சமிருக்கும் சிரப்பை ‘வாயுவுக்கு நல்லது’ என்று பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள்; அவரும் வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவராக இருக்கலாம்.