புதிய கிராஃபிக்ஸ் கார்டும் இருண்ட திரையும்

கேள்வி: அலுவலகப் பயன்பாட்டில் இருந்து விற்பனைக்கு வந்த மேசைக் கணினி ஒன்றை என் மகனுக்காக வாங்கினேன். அதில் மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி உள்ளது. அண்மையில் ஆர்டிஎக்ஸ் 3050, 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தினோம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் எட்டு பின் இணைப்பு இல்லாததால், வன்தட்டுக்கான சாட்டா மின் இணைப்பில் செருகும்படி கடையில் கொடுத்த மாற்றுக் கேபிள் வழியாக மின்சாரம் கொடுத்தோம். மின்விசிறிகள் சுழல்கின்றன, ஆனால் மானிட்டரில் ஒன்றும் தெரியவில்லை. கார்டைக் கழற்றிவிட்டால் எல்லாம் பழையபடி இயங்குகிறது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: கார்டைப் பற்றி முடிவு செய்யும் முன், தயவுசெய்து அந்த மாற்றுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். திரை தெரியாததைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. மதர்போர்டின் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சமாக 75 வாட் தரும். முறையான எட்டு பின் இணைப்பு மேலும் 150 வாட் வரை தரும். தங்கள் கார்டின் தேவை 130 வாட். சாட்டா இணைப்பிலோ 12 வோல்ட்டுக்கு மூன்று பின்களே உள்ளன, ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியருக்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டது. கணக்கிட்டால் மொத்தம் 54 வாட்தான். வெளி இணைப்பிலிருந்தே பெரும்பகுதி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும் வகையில் பல கார்டுகள் அமைக்கப்பட்டிருப்பதால், விளையாட்டு ஓடத் தொடங்கியதும் அந்த மெல்லிய பின்கள் சூடேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகி, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. இதை விற்பவர்கள் வாங்குபவரிடம் சொல்லாமல் விடுவது சரியல்ல.

அடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் 240 முதல் 300 வாட் வரைதான் இருக்கும். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதோ 550 வாட். மின்விசிறி சுழல்வதை வைத்துக் கார்டுக்குப் போதிய மின்சாரம் கிடைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. விசிறியைச் சுழற்ற ஓரிரு வாட் போதும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்றால், முதலில் மதர்போர்டில் அது செருகப்படும் இடத்தைப் பாருங்கள். வழக்கமான 24 பின் இல்லாமல் நிறுவனத்தின் தனி வடிவ இணைப்பு இருந்தால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது.

மின்சாரம் சரியான பிறகும் திரை தெரியாவிட்டால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டின் துளையில்தான் செருகப்பட்டிருக்கிறதா என்றும், கார்டு ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி பிடிக்கும் வரை முழுமையாக இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கும் பிறகு சந்தேகிக்க வேண்டியது, கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளான பயாஸ். மூன்றாம் தலைமுறைச் செயலிகள் 2012-இல் வந்தவை. அக்காலத்து மதர்போர்டுகள் சில, யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையை எதிர்பார்க்கும் இன்றைய கார்டுகளைத் தொடக்கத்தில் சரியாக அடையாளம் காண்பதில்லை. கார்டைக் கழற்றி, மதர்போர்டின் சொந்தத் திரை இணைப்பில் கணினியை இயக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கு உரிய கடைசி பயாஸ் பதிப்பை நிறுவுங்கள். பின்னர் பயாஸில் லெகசி அல்லது சிஎஸ்எம் என்றிருக்கும் பழைய தொடக்க முறையை யுஇஎஃப்ஐக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன், விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'லெகசி' என்றிருந்தால், வன்தட்டின் பகுதிகளைப் பதிந்துவைக்கும் முறையை எம்பிஆர் என்ற பழையதிலிருந்து ஜிபிடி என்ற புதியதற்கு மாற்றாமல் பயாஸிலுள்ள முறையை மட்டும் மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. அந்த மாற்றத்தைச் செய்யும் கருவி விண்டோஸ் 10-இலேயே உண்டு. கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் முன், போதிய எஸ்எம்பிஎஸ் உள்ள நண்பரின் கணினியில் கார்டைப் பொருத்திப் பார்த்துவிடுங்கள். அங்கே இயங்கினால் பழுது கார்டில் இல்லை. அப்படியானால் கடைக்காரரிடம் பழுது என்று வாதிடாமல், அதே ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். பெயர் ஒன்றுதான் என்றாலும் அதன் தேவை 70 வாட் மட்டுமே. பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே வேண்டாம். வேகம் சற்றுக் குறையும். ஆயினும் தங்கள் கணினிக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. பயாஸ் சிக்கல் இருந்தால் அது இந்த வகைக்கும் பொருந்தும் என்பதால், மேலே சொன்ன மேம்படுத்தலைத் தவிர்க்க வேண்டாம்.

கேள்வி: பழைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டு வாங்கி, டிஸ்ப்ளே போர்ட் வழியாக மானிட்டரை இணைத்துள்ளேன். கணினியை இயக்கியதும் திரை இருண்டே இருக்கிறது. விண்டோஸ் வந்த பிறகே தெரிகிறது. பயாஸுக்குள் நுழையவே முடியவில்லை.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கார்டு பழுதாகியிருந்தால் விண்டோஸிலும் படம் வந்திருக்காது. தங்கள் மானிட்டர் டிஸ்ப்ளே போர்ட் 1.3 அல்லது 1.4 வகையாக இருந்தால், அது அந்தத் தலைமுறைக் கார்டுகளில் நன்கு அறியப்பட்ட குறை. இதற்காகவே என்விடியா 2018-இல் கார்டின் உள்மென்பொருளை (ஃபர்ம்வேர்) மேம்படுத்தும் கருவி ஒன்றை வெளியிட்டது. இப்போதைக்கு எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால் தொடக்கத் திரை தெரியும். அந்த நிலையிலேயே கருவியை இயக்குங்கள். அது தங்கள் கார்டுக்கு மாற்றம் தேவையா என்பதைத் தானே கண்டறிந்து சொல்லும். இயங்கும்போது மின்சாரம் தடைபட்டால் கார்டே செயலிழக்கலாம் என்பதால், கணினியை யுபிஎஸ்ஸில் இணைத்த பிறகே தொடங்குங்கள்.